வடக்குப் பக்கத்து வேலி

டோஹா
2008 ஓகஸ்ட் 3

ஸகியாவுக்கு ஜவுபர் எழுதுவது.

ஸலாம். சுகம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ரெலிபோனில் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

தம்பி ஜுனைட் நேற்று ரெலிபோன் எடுத்தான். மேசன் வந்தாராம், மதில் கட்ட நூல் பிடித்தாராம், நீ கடப்படியில் நின்றுகொண்டு "வேலியில கை வச்சா கை இரிக்காது" என்று சொன்னாயாம். மேசன் சாமானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இறக்கின சீமெந்து ஜுனைட்டின் விறாந்தையில் கிடந்து இறுகப் போகிறது. ஒரு பொம்பிளை சொன்னாள் என்று மேசன் திரும்பிப் போன கதை இப்போது மருதமுனை முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

றுஸ்தாவுக்குப் பதினெட்டு வயதாகிறது. சாய்ந்தமருதிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. ஜுனைட் சொன்னான். மாப்பிள்ளையின் உம்மா, "புள்ள தங்கமான புள்ளதான், வளவுதான் ஆட்டுப்பட்டி மாதிரி இரிக்கி" என்றாளாம். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து இருக்கப் போவது அந்த வளவுக்குள். எவன் வருவான்? றோட்டால் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்க்கிற கிளிசரியா மர வேலி. அதில் பாதியை ஆடு தின்று, மீதியில் துணி காய்கிறது.

நோன்புக்கு முந்தி அந்த வேலியை வெட்டி எறிந்துவிட்டு மதிலைக் கட்டு. என்ட வளவுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஜவுபர்


மருதமுனை
2008 ஓகஸ்ட் 21

றுஸ்தாவின் வாப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்ன மாதிரியே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். கடைசி வரியில்தான் எனக்கு விசர் ஏறியது.

"என்ட வளவு" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வளவு? எங்கள் உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வளவு. நீங்கள் கலியாணத்தன்று பின்னேரம் ஒரு பெட்டியோடு இந்தக் கடப்பால் உள்ளுக்கு வந்தவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் வருகிறார்கள். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. நாளைக்கு இது றுஸ்தாவுடையது. அவளிடம் கேட்டேன். "மதிலுக்காக வாற மாப்பிள்ள மதிலோடயே குடும்பம் நடத்தட்டும்" என்றாள். உங்கள் வாய்தான் அவளுக்கு.

சாய்ந்தமருதுக்காரி வளவைப் பார்த்து மூஞ்சியைச் சுழித்தது உண்மை. ஆனால் நான் ஊற்றிக் கொடுத்த ஆட்டுப்பால் தேத்தண்ணியை இரண்டு தரம் கேட்டுக் குடித்தாளே, அதை ஜுனைட் சொன்னாரா? அந்தப் பால் எங்கிருந்து வருகிறது? வேலி பயிரை மேய்வது பழமொழியில்தான். இங்கே வேலியை ஆடு மேய்கிறது, நாங்கள் சாப்பிடுகிறோம்.

நீங்கள் ஊரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கிளிசரியாக் குழையைப் பச்சையாகப் போட்டால் மணத்துக்கு ஆடு முகத்தைத் திருப்பும். ஒரு நாள் வாடப் போட்டுவிட்டுக் கொடுத்தால் காம்பு வரைக்கும் தின்னும். தடியை விறகுக்கு வைக்கிறேன். வளைந்தது பயற்றங்கொடிக்குப் பந்தலாகும். மாரிப்போகத்துக்கு உழ முந்தி, வரிப்பத்தான்சேனையில் இருந்து முகம்மது தம்பி மாமா லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டுவந்து குழை ஏற்றிப் போய் வயல் வட்டையில் தாழ்க்கிறார். காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற மரம் என்று விவசாயக் கந்தோர்காரர் அவருக்குச் சொன்னாராம். அவர் யூரியாவுக்கு வரிசையில் நிற்பதை விட்டு வருசக்கணக்காகிறது. வீட்டுக்கு அரிசி யார் தருகிறார் என்று நினைக்கிறீர்கள்?

ஆட்டையும் அரிசியையும் விடுங்கள். 2004இல் கடல் தண்ணீர் ஏறி இறங்கின பிறகு இந்த வளவில் மா கருகியது, முருங்கை கருகியது, வாழை அழுகியது. புல்லும் முளைக்காத மண்ணில் முதலில் தளிர்த்தது வடக்குப் பக்கத்து வேலி. அன்றைக்கு நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். அதிலிருந்து கதியால் வெட்டி நட்டுத்தான் தெற்குப் பக்கமும் வேலி போட்டேன். என் கையால் வெட்ட மாட்டேன், அடுத்தவன் கையையும் விட மாட்டேன்.

ஸகியா


டோஹா
2008 செப்டெம்பர் 10

ஸகியாவுக்கு,

முந்தி "மச்சான்" என்று எழுதுவாய். இப்போது "றுஸ்தாவின் வாப்பா" ஆகிவிட்டேன். நல்லது. இன்னும் கொஞ்ச நாளில் "டோஹாவில் இருக்கிற ஆள்" என்று எழுதுவாய்.

நோன்போடு வெயிலில் நின்று கல் வைக்கிறேன். என் தொழில் என்ன என்று மறந்துவிட்டாயா? வளவு மதில் கட்டுவது. ஊரான் வீட்டு மதில், அரபியின் ஒட்டகத்துக்கு மதில், ஒன்றுமே இல்லாத வெறும் மணலுக்கும் மதில். சொந்த வீட்டுக்கு மட்டும் வேலி. கேம்பில் என்னோடு இருக்கிறவர்கள் ஊரிலிருந்து வந்த வீட்டுப் படங்களைக் காட்டுகிறார்கள். நான் எதைக் காட்டுவது, ஆட்டையா?

ஒன்றைக் கேள். 2003இல் நான் லீவில் வந்து நின்ற அந்தக் காலம் முழுக்க ஒரு நாளும் ஊர் சுற்றவில்லை. கடல் பக்கத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் நானே சீமெந்துக் கல் அரிந்து நானே மதில் கட்டினேன். வடக்குப் பக்கம் கட்ட முந்தி லீவு முடிந்தது. நப்ரீஸ் பக்கத்தில் நின்று சுண்டு கோப்பையால் தண்ணீர் ஊற்றித் தந்தான். ஏழு வயது. "வாப்பா, யான வந்து முட்டினாலும் விழாதா?" என்று கேட்டான். "ஆயிரம் யான வந்தாலும் விழாது மகன்" என்று சொன்னேன். அந்த மதிலையும் கடல் கொண்டுபோனது, என் பிள்ளையையும் கொண்டுபோனது. பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. மதிலையாவது திருப்பிக் கட்ட விடு.

நீ விட மாட்டாய். தெரியும். ஆனபடியால் உன்னிடம் கேட்காமல் ஜுனைட்டிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பார்த்துக்கொள்வான். பெருநாள் முடிய வேலை தொடங்கும்.

ஜவுபர்


மருதமுனை
2008 நவம்பர் 24

றுஸ்தாவின் வாப்பாவுக்கு,

உங்கள் தம்பி பார்த்துக்கொண்டார். நல்லாகவே பார்த்துக்கொண்டார்.

மாமா வீட்டு மாமிக்குச் சுகமில்லை என்று நானும் றுஸ்தாவும் வரிப்பத்தான்சேனைக்குப் போய் நின்ற நேரம் பார்த்து, கோடாலிக்காரர்களைக் கூட்டிவந்து வடக்குப் பக்கத்து வேலியை இடுப்பளவில் வெட்டிச் சரித்திருக்கிறார். திரும்பி வந்தால் வளவு மொட்டைத் தலையாய்க் கிடக்கிறது. ஆடுகள் கத்துகின்றன. கள்ளன்கூட வீட்டில் ஆள் இல்லாத நேரம்தான் வருவான். கள்ளனுக்கும் உங்கள் தம்பிக்கும் வித்தியாசம் என்ன என்று அவரிடமே கேட்டேன். "நானா சொன்னாரு, செஞ்சன்" என்று அண்ணன் மேல் போட்டார். சாரன் வியாபாரம் செய்கிற மனிசனுக்குக் கோடாலி எதற்கு?

அந்த மாதம் முழுக்கக் குழைக்காக நான் பாண்டிருப்புக்கு நடந்தேன். அங்கே மீன் விற்கிற சின்னத்தங்கம் அக்கா தன் வேலியில் வெட்டிக்கொள்ளச் சொன்னாள். நன்றாக இருக்கட்டும் அவள். ஆனாலும் வயிறு நிரம்பவில்லை. சினையாயிருந்த கறுப்பு ஆடு காலத்துக்கு முந்தியே குட்டியைப் போட்டது. குட்டி மூச்சு விடவில்லை. அதை நான் தனியாகப் புதைத்தேன். இதையும் உங்கள் மதில் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தம்பியின் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். சீமெந்து வைக்கக் கொட்டில் வேண்டுமாம். வெட்டின தடிகளையே காலாக நட்டு, மேலே தகரம் போட்டு, ஜோரான ஒரு கொட்டில் அடித்தார். ஐப்பசி மழை பெய்தது. மேசன் மழை விட வருகிறேன் என்று போனார். மழை விடவில்லை. நட்ட கால் எல்லாம் தளிர்த்துவிட்டது! கிளிசரியாத் தடியை மாரியில் நட்டால் அது தூண் இல்லை, கதியால். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். கொட்டிலின் நாலு பக்கமும் இலை, தகரத்துக்கு மேலேயும் கிளை. பக்கீர் முகைதீன் காக்கா தன் கடையில் வைத்து, "ஜுனைட், ஒங்கட கொட்டில் எப்ப பூக்கும்?" என்று கேட்டாராம். அன்று தொடக்கம் உங்கள் தம்பி அந்த றோட்டால் வருவதில்லை. சீமெந்து கல்லாகிவிட்டது. கொட்டிலை ஆடு தின்கிறது.

வெட்டின அடிக்கட்டையும் தளிர்த்துவிட்டது. இது வெட்ட வெட்டத் தளிர்க்கிற சாதி. எத்தனை தரம் வேண்டுமானாலும் ஆள் அனுப்புங்கள்.

ஸகியா


டோஹா
2008 டிசெம்பர் 13

ஸகியா,

சிரிக்கிறாய். என் தம்பியை ஊர் சிரிக்க வைத்துவிட்டு நீயும் சேர்ந்து சிரிக்கிறாய். ஹஜ்ஜுப் பெருநாளன்று உன் கடிதம் வந்தது. பெருநாள் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

இத்தனை நாளும் கேட்காத ஒன்றை இன்றைக்கு எழுதுகிறேன். உன் உயிரைக் காப்பாற்றின மரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். சரி. உன் உயிரைக் காப்பாற்றியது. என் பிள்ளையின் உயிர்? உனக்குக் கட்டிப்பிடிக்க மரம் கிடைத்தது. கட்டிப்பிடிக்கப் பிள்ளை கிடைக்கவில்லையா? இரண்டு கையும் மரத்துக்கு. பிள்ளைக்கு ஒரு கையும் இல்லை. இன்றைக்கும் அந்த மரத்தைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

ஒரு தாய் என்றால் மரத்தை விட்டிருப்பாள்.

அந்த வேலி நிற்கிற வளவுக்குள் இனி நான் கால் வைக்க மாட்டேன். அது உன் வளவுதானே. வைத்துக்கொள்.

ஜவுபர்


மருதமுனை
2009 ஜனவரி 2

ஜவுபர்,

பெயர் சொல்லி எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு வேறு எதையும் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

நான் பிள்ளையின் கையை விடவில்லை. அவன் கை என் கையில் இருக்கவே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. றுஸ்தா ஓதப் போயிருந்தாள். நான் வடக்குப் பக்கத்தில் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தேன். நப்ரீஸ் கிணற்றடியில் முகம் கழுவினான். பெரிய லொறி வருகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் உங்கள் மதிலுக்கு மேலால் கறுப்பாய்த் தண்ணீர் தெரிகிறது. மதிலைவிட உயரம். "வேலிக்கு ஓடி வா மகன்!" என்று கத்தினேன். அவன் என்னிடம் வரவில்லை. மதிலடிக்கு ஓடினான். போய், முதுகை மதிலில் ஒட்டி வைத்துக்கொண்டு குந்தினான். குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"உம்மா, இஞ்ச வாங்க! வாப்பாட மதிலுக்குப் பின்னால வாங்க!"

அவனுக்குப் பயமே இல்லை. கை காட்டிக் கூப்பிட்டான். நான்தான் ஆபத்தில் நிற்கிறேன் என்று நினைத்தான். ஆயிரம் யானை வந்தாலும் விழாது என்று நீங்கள் சொன்னதை என் பிள்ளை நம்பினான்.

நான் கத்தியை எறிந்துவிட்டு அவனிடம் ஓடினேன். நாலடி வைத்திருப்பேன். மதில் வந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது. தண்ணீர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் அடித்தது. நான் மரத்தைப் பிடிக்கவில்லை, வேலியில் கட்டியிருந்த முள்ளுக்கம்பி என்னைப் பிடித்தது. என் கையில் கிடக்கிற தழும்பு என்ன என்று லீவில் வந்தபோது கேட்டீர்களே. அது அந்தக் கம்பி கிழித்தது. நான் அதிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்த்ததில் கிழிந்தது.

கடல் அவனைக் கொண்டுபோகவில்லை. உங்களுக்குப் பொய் சொன்னோம். பின்னேரம் முகம்மது தம்பி மாமா ஆட்களோடு வந்து மதிலைப் புரட்டினார். மற்றவர்களின் மதில் எல்லாம் கல் கல்லாய்ச் சிதறிக் கிடந்தது. உங்கள் மதில் உடையவில்லை. நல்லாகக் கட்டியிருந்தீர்கள். பலகை மாதிரி முழுசாய் விழுந்திருந்தது. அதைத் தூக்க அந்த ஆட்கள் போதாமல் இன்னும் ஆள் கூப்பிட்டார்கள்.

ஜனாஸாத் தொழுகை நடத்தி, அன்று மௌத்தானவர்களோடு மையவாடியில் அடக்கினோம். "அவன் தூர நாட்டில தனியக் கிடக்கிறவன், புள்ள. இதக் கேட்டா மிஞ்ச மாட்டான். கடல் கொண்டு போன எண்டு சொல்லுவம்" என்று மாமா சொன்னார். றுஸ்தாவுக்கும் சொல்லவில்லை. நாலு வருசம் இதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். நீங்கள் மதில், மதில் என்று எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் பதில் எழுதினேன்.

இரக்கத்தில் மறைத்தேன். ஆத்திரத்தில் சொல்கிறேன். இனி மதில் கட்ட ஆள் அனுப்புகிறீர்களா?

ஸகியா


டோஹா
2009 மே 26

ஸகியா,

ரெலிபோன் எடுத்தாய், நான் பேசவில்லை. நீ "ஹலோ, ஹலோ" என்றது கேட்டது. எத்தனையோ தரம் எழுத இருந்துவிட்டுக் கிழித்தேன்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம். கேம்பில் போன கிழமை சிலர் சந்தோசத்தில் பால்சோறு ஆக்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் அறையில் பாண்டிருப்புத் தனுசன் இருக்கிறான். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் எழும்பவே இல்லை. அவனுடைய அண்ணன் வன்னிக்குள் இருந்தவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. "பிரேதத்தக் காட்டினாலும் போதும் நானா, ஒண்டும் தெரியாம சும்மா கடல் மாதிரி இரிக்கி" என்று நேற்று என்னிடம் சொன்னான். என் மகனைக் கடல் கொண்டுபோன கதை அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் சொன்னான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? என் பிள்ளைக்கு மையத்து இருந்தது, கபுறு இருக்கிறது, என் பெஞ்சாதி எனக்குச் சொல்லவில்லை என்று சொல்லவா?

உன்னை என்ன செய்தால் தகும்? 2006இல் லீவில் வந்தேன். ஒவ்வொரு அஸர் தொழுகைக்குப் பிறகும் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்று பிள்ளைக்கு யாஸீன் ஓதினேன். கடலுக்கு ஓதினேன் ஸகியா! நீ எனக்குப் பின்னால் வந்து நின்றாய். நான் அழுது முடியும் வரைக்கும் நின்றாய். மையவாடி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அங்க இல்ல, இஞ்சால வாங்க" என்று சொல்லி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்திருக்கலாமே. என் பிள்ளையின் தலைமாட்டில் ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் மிஞ்ச மாட்டேன் என்று நீயும் உன் மாமாவும் எப்படித் தீர்மானிப்பீர்கள்? நான் வாப்பா. மிஞ்சாவிட்டால் மிஞ்சாமல் போகிறேன். அது என் உரிமை.

மதில் வேலைக்கு நான் போவதில்லை. கல்லைக் கையில் எடுத்தால் வைக்காமல் கீழே போட்டுவிடுகிறேன். போர்மன் ஏசிவிட்டு என்னைப் பெயின்ற் அடிக்கிற ஆட்களோடு விட்டிருக்கிறான்.

நான் டிசெம்பரில் எழுதின வரியை நீ கிழித்திருப்பாய். கிழிக்காவிட்டால் கிழித்துவிடு. நீ எழுதினதை என்னால் கிழிக்க முடியவில்லை.

எனக்கு ஒன்றை மட்டும் எழுது. அன்று எல்லோரையும் ஒரே நீளக் கிடங்கு வெட்டி அடக்கினதாகக் கேள்வி. மணல்மேடு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அதில் என் பிள்ளை எந்த இடம் என்று உனக்கோ மாமாவுக்கோ நிச்சயமாகத் தெரியுமா? தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. இன்னொரு பொய்யை என்னால் தாங்க முடியாது.

ஜவுபர்


மருதமுனை
2009 ஜூன் 19

மச்சான்,

தெரியும். நிச்சயமாகத் தெரியும். பொய் இல்லை.

அன்றைக்கு மீஸான் கட்டை செதுக்க யாருக்கும் நேரம் இல்லை. கையில் அகப்பட்டதைத் தலைமாட்டில் நட்டார்கள், ஓட்டுத்துண்டு, தகரம், முறிந்த துடுப்பு. மாமா எங்கள் வடக்குப் பக்கத்து வேலியில் ஒரு தடியை வெட்டிக்கொண்டுபோய் நப்ரீஸின் தலைமாட்டில் நட்டார். அடக்கி முடிந்ததும் விடாமல் மழை. நட்டது கதியால் என்று மாமாவுக்கே அந்த நேரம் புத்தியில் வரவில்லை. தை பிறக்க அவர் கபுறு ஸியாரத்துக்குப் போனால் மீஸான் கட்டை தளிர்த்து நிற்கிறதாம். அந்த இடத்திலேயே மண்ணில் குந்திவிட்டாராம் மனிசன்.

இப்போது அது பெரிய மரம். மாசியில் ஊதாப் பூப் பூக்கும், இலையே தெரியாது. அந்த வரிசையில் வேறு எந்தக் கபுறு யாருடையது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. மற்றத் தாய்மார் மையவாடி மதிலுக்கு வெளியே நின்று மொத்த மணலையும் பார்த்து அழுகிறார்கள். நான் மரத்தைப் பார்த்து அழுகிறேன். பள்ளிவாசல் ஆட்கள் ஒரு தரம் வெட்ட வந்தார்கள். மாமா கத்தியைப் பிடுங்கிவிட்டார். உங்கள் தம்பி வடக்குப் பக்கத்து வேலியை வெட்டின அன்று எனக்கு ஏன் அப்படி விசர் பிடித்தது என்று இப்போது விளங்குகிறதா? ஆட்டுக்காகவா கத்தினேன்?

கடற்கரையில் உங்களுக்குப் பின்னால் நின்றேன் என்று ஏசியிருக்கிறீர்கள். ஓம், நின்றேன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் பின்னால் வந்தேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "வடக்குப் பக்கத்தயும் கட்டியிருந்தா தண்ணி வந்திருக்காது புள்ள" என்று சொல்வீர்கள். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு நான் எதைச் சொல்ல? நீங்களே சொல்லுங்கள், எதைச் சொல்லியிருப்பீர்கள்? உங்கள் ஏச்சு எனக்குத் தகும்தான். ஆனால் முழுவதையும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிசெம்பர் வரியைக் கிழிக்கவில்லை. கிழித்தாலும் எனக்கு மனப்பாடம். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். நேரில் வந்து கேளுங்கள். அப்போது பார்ப்போம்.

றுஸ்தாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கத்தியை எடுத்துப் போய் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு வந்தாள். சாய்ந்தமருதுக்காரர் திரும்ப ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மதிலைப் பற்றிக் கேட்டார்கள். வாப்பா வந்து சொல்வார் என்று அனுப்பிவைத்தேன். நான் வளவுக்காரியாக இருக்கலாம், ஆனால் மகளின் கலியாணத்தில் வாப்பா சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்ல முடியாது.

இந்த வளவில் கடல் பக்கம் மட்டும் வேலி இல்லை. மூன்று மாரி கதியால் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. வேர் இறங்க இடமில்லை. தெற்கு அத்திவாரத்தைத் தண்ணீர் அரித்துப் போனது, இங்கே மண்ணுக்குக் கீழே உங்கள் மதிலின் அத்திவாரம் அப்படியே கிடக்கிறது. மேல் கல்லை எல்லாம் ஊரார் எடுத்துப் போனார்கள், அதை யாரும் கிளப்பவில்லை. கிளப்ப வந்தவர்களை நான் விடவில்லை. ஜுனைட்டின் அலவாங்கும் மாமாவின் அலவாங்கும் அந்த இடத்தில் படக் கூடாது. நீங்கள் போட்ட அத்திவாரம். நீங்கள்தான் தோண்ட வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

அது ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை மச்சான். லீவில் வருவதென்றால் வராதீர்கள். விசாவை முடித்துக் கென்சலில் வாருங்கள்.

ஸகியா